விண்மீன் உலை

ரசம் நுரைகட்டிப் பொங்கி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு பர்னரில் விழுந்ததும், அதுவரை நீலமாக எரிந்த தீ அந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகும். அவசரமாக அடுப்பைக் குறைப்பதற்குள் மறைந்தும் போகும். அது ரசத்தில் போட்ட மஞ்சள்தூளின் நிறம் அல்ல. உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். வெறும் உப்புத் தண்ணீரைத் தெளித்தாலும் இதேதான் நடக்கும். சோடியத்துக்கு மஞ்சள், செம்புக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு இளம் ஊதா. பள்ளிச் சான்றிதழில் எழுதும் அங்க அடையாளம் போல ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. ஒளியை முப்பட்டகத்தில் விரித்தால் கிடைக்கும் வண்ணப் பட்டைக்கு நிறமாலை என்று பெயர்; அதில்தான் இந்தக் கோடுகள் தெரியும். நாம் ஒருநாளும் போய்ச்சேர முடியாத விண்மீன்களில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தது இந்த அடுப்படி வித்தையால்தான்.

1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திரக் கடற்கரைப் பக்கம் முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் கருவியோடு காத்திருந்தார். சென்னை வான்காணகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியக் கோடு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருக்கவேண்டிய இடத்திலிருந்து மயிரிழை தள்ளி இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பிடித்தார். பூமியில் எதைச் சூடாக்கியும் அந்தக் கோடு வரவில்லை. சூரியனுக்குக் கிரேக்கப் பெயர் ஹீலியோஸ். ஆகவே புதிய தனிமம் ஹீலியம் ஆயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 1895-இல், யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து கிளம்பிய வாயுவில் வில்லியம் ராம்சே அதே கோட்டைக் கண்டார். காலடியில் கிடந்த பொருள், 15 கோடி கிலோமீட்டர் தள்ளிப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

அடுத்த அதிர்ச்சி 1925-இல் வந்தது. சிசிலியா பெய்ன், பெண்களுக்குப் பட்டம் தராத கேம்பிரிட்ஜிலிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு வந்திருந்த இளம் ஆய்வாளர். வெப்பம் ஏற ஏற அணுக்கள் எப்படி எலக்ட்ரான்களை இழக்கும் என்று கல்கத்தாவின் மேக்நாத் சாகா 1920-இல் ஒரு சமன்பாடு தந்திருந்தார். அதை வைத்துப் பெய்ன் நிறக்கோடுகளை மறுபடி கணக்கிட்டார். சூரியனும் பூமியும் ஏறக்குறைய ஒரே கலவை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பெய்னின் கணக்கோ, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்றது. அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரசல் இதை ஏற்கவில்லை. அவர் வற்புறுத்தலால், தன் முடிவு உண்மையாக இருக்காது என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுதினார். நான்கே ஆண்டுகளில் ரசல் வேறு வழியில் கணக்குப் போட்டுப் பார்த்து, பெய்ன் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை, கண்டவர் கையாலேயே மறுத்து எழுத வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஹைட்ரஜன் ஏன் இப்படி எங்கும் நிறைந்திருக்கிறது? அதை எந்த விண்மீனும் சமைக்கவில்லை. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெடிப்பின் முதல் நொடிக்குள்ளேயே புரோட்டான்கள் உருவாகிவிட்டன. ஒற்றைப் புரோட்டான்தான் ஹைட்ரஜனின் கரு. அடுத்த 20 நிமிடத்தில், ஒரு குக்கர் சாதம் வெந்து இறங்கும் நேரத்தில், எடையில் கால் பங்கு ஹீலியமாக மாறியது. கூடவே துளியூண்டு லித்தியம். அதோடு சமையல் நின்றுவிட்டது. காரணம் எளிது. அணுக்கருவைத் துகள் துகளாகச் சேர்த்துத்தான் கட்டவேண்டும். ஹீலியத்தில் 4 துகள். ஆனால் 5 துகள் சேர்ந்த கரு நிலைக்காது. 8 சேர்ந்ததும் நிலைக்காது. ஏணியில் இரண்டு படிகள் உடைந்து கிடந்தன. அவற்றைத் தாண்டுவதற்குள் பேரண்டம் விரிந்து ஆறிப்போனது. மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லை, எலும்புக்குக் கால்சியம் இல்லை, ஒரு துகள் மண்கூட இல்லாத பேரண்டம் அது.

அந்த 20 நிமிடங்களில் மிஞ்சியது நம்மிடம் இன்னும் இருக்கிறது. உடலில் 100 அணுக்களை எண்ணினால் அவற்றில் சுமார் 62 ஹைட்ரஜன். 60 கிலோ எடையுள்ளவரிடம் அது 6 கிலோ தேறும். தூளியில் தூங்கும் பத்து நாள் குழந்தையின் உடலிலும் அந்த ஹைட்ரஜனின் வயது 1,380 கோடி ஆண்டுதான். குடிக்கிற தண்ணீர் ஒவ்வொரு டம்ளரிலும், எந்த விண்மீனும் பிறப்பதற்கு முந்திய பொருள் ஒன்பதில் ஒரு பங்கு இருக்கிறது.

உடைந்த படிகளைத் தாண்டிய கதைதான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. சூரியனின் நடுவே வெப்பம் 1.5 கோடி டிகிரி. அங்கே ஒவ்வொரு நொடியும் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. சிறு கருக்கள் கூடிப் பெரிய கருவாவதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். ஹைட்ரஜன் தீர்ந்து முதுமை வந்த விண்மீனின் நடுப்பகுதி சுருங்கி 10 கோடி டிகிரிக்குச் சூடேறும். அப்போது இரண்டு ஹீலியக் கருக்கள் மோதினால் 8 துகள் கொண்ட பெரிலியம் பிறக்கிறது. அதன் ஆயுளைச் சொல்ல வேண்டுமானால், ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறு கோடி பங்காக்க வேண்டும். அந்த ஒரு துணுக்கு நேரம்தான் அது உயிரோடு இருக்கும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் ஒன்று வந்து சேர்ந்தால் 12 துகள் கொண்ட கார்பன் கிடைக்கும். ஆனால் சும்மா மோதினால் ஒட்டாது. வந்த வேகத்தில் பிரிந்து போகும்.

ஃபிரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய வானியலாளர் இதைத் தலைகீழாக யோசித்தார். கார்பன் நம் கண்முன்னே இருக்கிறது. ஆகவே ஒட்டுவதற்கு ஏதோ ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சின்னக் குழந்தைகூட உயரே ஆட்டிவிடும். தாளம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் நின்றுவிடும். அணுக்கருவுக்கும் இப்படிச் சில தாளங்கள் உண்டு. அவற்றை ஆற்றல் நிலைகள் என்பார்கள். மோதி வரும் ஹீலியத்தின் ஆற்றலுக்குப் பொருந்தும் ஒரு நிலை கார்பனுக்கு இருந்தால், அந்தக் கண நேரத்திலும் ஒட்டிக்கொள்ளும். அது எந்த அளவில் இருக்கவேண்டும் என்று எண்ணையே சொன்னார் ஹாயில். 1953-இல் கலிபோர்னியாவில் வில்லியம் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், தேடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். முதலில் யாரும் நம்பவில்லை. வார்டு வேலிங் என்பவரும் அவருடைய குழுவும் கருவியை அமைத்துத் தேடினார்கள். ஹாயில் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே அது இருந்தது. இன்று அதற்கு ஹாயில் நிலை என்றே பெயர். மேசைமுன் உட்கார்ந்து, நம் உடம்பில் கார்பன் இருக்கிறது என்ற ஒரே ஆதாரத்தை வைத்து, அணுக்கருவின் உள்ளே இருப்பதைச் சொன்ன மனிதர் அவர்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. கார்பனோடு நான்காவது ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன் ஆகும். அங்கேயும் இதே மாதிரி தாளம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால், பிறந்த கார்பன் எல்லாம் ஆக்சிஜனாகிக் கார்பனே மிஞ்சியிருக்காது. ஆக்சிஜனின் அந்த ஆற்றல் நிலை சற்றே கீழே இருப்பதால் கார்பன் தப்பியது. 60 கிலோ உடலில் ஏறக்குறைய 39 கிலோ ஆக்சிஜன், 11 கிலோ கார்பன். இரண்டும் இப்படிக் கலந்து கிடைத்ததால்தான் அரிசியும் உண்டு, அதை உண்ண ஆளும் உண்டு.

சூரியனைப் போல் 25 மடங்கு எடையுள்ள விண்மீன் இதற்கு மேலும் சமைக்கும். கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டே போகும். உள்ளே வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக அவை நிற்கும். ஆனால் அடுத்தடுத்த விறகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் எரியும். கார்பன் சில நூறு ஆண்டுகள். ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறு மாதம். சிலிக்கான் எரிந்து இரும்பாவதற்கு ஒரே ஒரு நாள். இரும்புக்கு வந்ததும் அடுப்பு அணையும். அதை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, கையிலிருப்பதும் செலவாகும். இத்தனை காலம் தாங்கிப் பிடித்த வெப்பம் போனதும், பூமி அளவு இருந்த நடுப்பகுதி ஒரு நொடிக்குள் நொறுங்கி, சென்னை மாநகருக்குள் அடங்கும் உருண்டையாகிவிடும். அந்த அதிர்வில் வெளி அடுக்குகள் சிதறி வெடிக்கும். இதுதான் சூப்பர்நோவா, தமிழில் மீயொளிர் விண்மீன் வெடிப்பு. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனின் பெரும்பகுதி இப்படி வெடித்த விண்மீன்களின் உள்ளே வெந்தது.

இதை நேரில் கண்டது 1987 பிப்ரவரியில். 1.68 லட்சம் ஒளியாண்டு தள்ளி ஒரு விண்மீன் வெடித்த ஒளி வந்து சேர்ந்தது. அந்த ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, நியூட்ரினோ என்னும் எதிலும் ஒட்டாத நுண்துகள்கள் பூமியைக் கடந்து போயின. ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று நாடுகளின் நிலத்தடிக் கருவிகளில் மாட்டியவை சுமார் இரண்டு டஜன். அத்தனை கோடானுகோடியில் இருபத்துச் சொச்சம்! நடுப்பகுதி நொறுங்கியது என்று உறுதி சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

ரத்தத்தின் இரும்புக்கு வேறொரு கதை. 1930-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய சிறு விண்மீனுக்கு வெண்குறுமீன் என்று பெயர். அது எவ்வளவு எடை தாங்கும்? சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு வரைதான் என்பது அந்தக் கணக்கின் முடிவு. பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை இழுத்தோ இன்னொரு வெண்குறுமீனோடு மோதியோ அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன் ஒரேயடியாக வெடித்துச் சிதறும். அதில் பிறப்பது நேரடியாக இரும்பு அல்ல, கதிரியக்க நிக்கல். ஒரு வெடிப்பில் ஏறக்குறைய 2 லட்சம் பூமிகளின் எடைக்கு நிக்கல்! அது ஆறு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து கோபால்ட் ஆகும். கோபால்ட் 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து இரும்பாகும். வெடிப்பின் ஒளி மங்கும் வேகத்தைப் பார்த்தே வானியலாளர்கள் இதை அளக்கிறார்கள். நம் உடலில் இருக்கும் மொத்த இரும்பு 4 கிராம்கூடத் தேறாது, ஒரு சின்ன ஆணி. அதில் பெரும்பகுதி முதலில் நிக்கலாகப் பிறந்து, கோபால்ட்டாக மாறி, பிறகு இரும்பானது. 1983-இல் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர், கார்பனின் தாளத்தைத் தேடிய அதே ஆய்வுக்கூடத்தின் வில்லியம் ஃபவுலர்.

இரும்பைவிடக் கனமான தனிமங்களின் கருக்கள், நியூட்ரான் என்னும் துகள்களை விழுங்கி வளர்கின்றன. முதிர்ந்த செம்பெரும் விண்மீன்களில் இது நிதானமாக நடக்கும். அதற்கு 1952-இல் பால் மெரில் கண்ட சாட்சி அழகானது: அப்படிப்பட்ட சில விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியம் தெரிந்தது. அந்தத் தனிமம் சில லட்சம் ஆண்டுகளில் சிதைந்து கரைந்துவிடும். விண்மீனோ பல கோடி ஆண்டு பழையது. ஆகவே உலை இப்போதும் கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்று மருத்துவமனை ஸ்கேனில் நரம்பில் ஏற்றும் டெக்னீசியத்தை நாம் அணு உலையின் உதவியால் செய்துகொள்கிறோம்.

தங்கத்துக்கு அவசரம் வேண்டும். நியூட்ரான் மழை ஒரு நொடியளவில் கொட்டித் தீர்க்கவேண்டும். அது கிடைக்கும் ஓர் இடம், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும் இடம். சூப்பர்நோவாவில் நொறுங்கி மிஞ்சிய உருண்டைக்குத்தான் நியூட்ரான் விண்மீன் என்று பெயர். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் நூறு கோடி டன்னுக்கும் மேல் கனக்கும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தள்ளி அப்படி இரண்டு மோதியதால் எழுந்த ஈர்ப்பலை பூமியைத் தொட்டது. 1.7 நொடி கழித்து காமா கதிர் மின்னல். பிறகு பல நாட்கள் நீடித்த ஒளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் அடையாளம் தெரிந்தது. தாலியில் இருக்கும் தங்கமும் இப்படிப்பட்ட வன்முறையான பிரசவத்தில் வந்ததுதான். தங்கம் இல்லாமல் உயிர் வாழலாம். அயோடின் இல்லாமல் முடியாது. உப்புப் பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று அச்சடித்திருப்பார்களே, அந்த அயோடினின் பெரும்பகுதியும் இதே அவசரச் சமையலில் பிறந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி ஒவ்வொரு நாளும் அதைத் தேடுகிறது.

சிதறியவை எல்லாம் விண்வெளித் தூசியாகி, ஒரு மேகத்தில் கலந்து, 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் கோள்களும் ஆயின. அந்தத் தூசியைக் கையில் எடுத்துப் பார்க்கவும் முடியும். 1969 செப்டம்பர் 28 காலை ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் உடைந்து விழுந்தது. பொறுக்கிச் சேர்த்தவை 100 கிலோவுக்கு மேல். அதில் ஒரு துண்டைப் பொடித்தால் கெட்டுப்போன வேர்க்கடலை விழுது போல வாடை அடிக்கும். அந்தப் பொடியை அமிலத்தில் கரைத்தால் கடைசியில் மிஞ்சுபவை கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் கார்பைடு மணிகள். 2020-இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் மிகப் பழையதன் வயது சுமார் 700 கோடி ஆண்டு. பூமியில் மனிதர் தொட்ட பொருட்களில் இதைவிட மூத்த திடப்பொருள் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சூரியன் பிறப்பதற்கு முன் செத்துப்போன விண்மீனின் சாம்பல் அது.

அந்த வாடைக்குப் பின்னால் இன்னொரு வியப்பு காத்திருந்தது. இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு வந்தவர் சிரில் பொன்னம்பெரும. நாசாவில் அவருடைய குழு நிலவுக் கற்களை ஆராயக் கருவிகளோடு தயாராக இருந்த ஆண்டு அது. முர்ச்சிசன் துண்டு அவர்கள் கைக்கு வந்தது. உள்ளே அமினோ அமிலங்கள் இருந்தன. புரதங்களைக் கோக்கும் மணிகள் இவை. பொறுக்கியவர் கைவியர்வை பட்டிருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்த்தது ஒரு சின்ன விவரம். இடது செருப்பும் வலது செருப்பும் போல அமினோ அமிலங்களில் இரு வகை உண்டு. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடது வகையைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்கல்லில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. உயிர்களிடம் காணப்படாத அமினோ அமிலங்களும் இருந்தன. வியர்வை அப்படிச் செய்யாது.

உயிரின் கட்டுமானப் பொருள் செய்வது அத்தனை கடினம் இல்லை என்று 1953-லேயே ஸ்டான்லி மில்லர் காட்டியிருந்தார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிறைந்த குடுவைக்குள் மின்பொறியை விட்டார். சில நாட்களில் தண்ணீர் நிறம் மாறி அமினோ அமிலம் கிடைத்தது. கோப்பதுதான் கடினம். டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும்; புரதம் செய்ய டி.என்.ஏ.வின் குறிப்பு வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா? 1982-இல் தாமஸ் செக் ஒரு வழி காட்டினார்: ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு குறிப்பையும் சுமக்கும், புரதம் போல வேலையும் செய்யும். நம் செல்களுக்குள் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் உட்பட மூவருக்கு 2009-இல் நோபல் கிடைத்தது. அந்த இயந்திரத்தில் முடிச்சுப் போடும் இடத்தில் புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.தான் இருக்கிறது. புரதம் வருவதற்கு முந்திய காலத்தின் மிச்சம் இன்றும் ஒவ்வொரு செல்லிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பாறைகளில் நுண்ணுயிர்கள் அடுக்கிய படிவங்கள் 348 கோடி ஆண்டு பழையவை. பூமிக்கு அப்போது சுமார் 110 கோடி வயதுதான்.

இன்னொரு செய்தி ஒரு சிறுகோளிலிருந்து. பென்னு, அரை கிலோமீட்டர் அகலமான கரிய கற்குவியல். நாசாவின் கலம் அதைத் தொட்டு அள்ளிய மண் 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. மொத்தம் 121.6 கிராம், ஒரு பெரிய குளியல் சோப்பின் எடை. உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. உப்பும் இருந்தது! வேதாரண்யத்து உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்புப் பூப்பது போல, பென்னு உடைந்து பிரிந்த தாய்க்கோளுக்குள் எப்போதோ நின்ற உவர்நீர் வற்றிச் சோடிய உப்புகள் படிந்திருக்கின்றன. அடுப்புத் தீயை மஞ்சளாக்கும் அதே சோடியம்.

அப்பல்லோ பயணிகள் 1972-இல் கொண்டுவந்த நிலவு மண்ணில் ஒரு குழாயை மூடி வைத்து, ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து 2022-இல்தான் திறந்தார்கள். அதை ஆராய்ந்த கருவிகள் பல 1972-இல் இல்லாதவை. பென்னுவின் மண்ணுக்கும் அதே ஏற்பாடு. விதைநெல்லை ஒதுக்குவது போல, அந்த 121.6 கிராமில் குறைந்தது 70 சதவீதத்தைப் பின்னால் வரப்போகிற ஆய்வாளர்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை.